தேரூர்க் குளத்து நீரில் மூன்று உயிர்கள்: செல் அமைப்பைக் கடிகாரம் வைத்து ஒப்பிட்ட பதிவு

நன்னீரில் வாழும் ஒரு செல் உயிருக்கு ஓயாத வேலை ஒன்று உண்டு. செல்லுக்குள் உப்புகளும் புரதங்களும் பலவகைக் கரைபொருள்களும் செறிந்திருக்கின்றன. வெளியே குளத்து நீரில் அவ்வளவு இல்லை. அதனால் சவ்வு வழியே தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. ஓட்டை விழுந்த வள்ளத்தில் ஒருவர் விடாமல் தண்ணீர் இறைப்பதுபோல, உள்ளே வருவதை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அந்த உயிர் பிழைக்கும். தள்ளாவிட்டால் ஊதி வெடித்துவிடும். இந்த ஒரே வேலையை அமீபா எப்படிச் செய்கிறது, பாரமீசியம் எப்படிச் செய்கிறது, யூக்ளினா எப்படிச் செய்கிறது என்று உயிரோடு பார்த்து, நேரம் குறித்து ஒப்பிட்டோம். நானும், பதினோராம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகளும் சேர்ந்து செய்தது இது.

செல் அமைப்பை ஒப்பிடுவது என்றால் பெரும்பாலும் பாகங்களின் பெயரை எழுதி, இதில் உண்டு, அதில் இல்லை என்று கட்டம் போடுவதோடு நின்றுவிடுகிறது. அவளுடைய குறிப்பேட்டிலும் மூன்று உயிர்களும் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரே பருமனில் இருந்தன. உண்மை அளவு அப்படியில்லை. யூக்ளினா ஏறக்குறைய 50 மைக்ரோமீட்டர் நீளம். பாரமீசியம் காடேட்டம் 170 முதல் 330 வரை வரும். அமீபா புரோட்டியஸ் நீண்டு பரவும்போது 500ஐத் தாண்டிவிடும். யூக்ளினாவை 1 சென்டிமீட்டருக்கு வரைந்தால் பாரமீசியத்தை 5 சென்டிமீட்டருக்கும், அமீபாவைக் குறிப்பேட்டின் அகலம் முழுவதற்குமாக வரைய வேண்டியிருக்கும். அளவு தெரியாமல் அமைப்பை ஒப்பிடுவதில் பொருளில்லை என்பதால் முதலில் அளவைச் சரிசெய்தோம்.

எங்களிடம் இருப்பது பழைய மாணவர் நுண்ணோக்கி. கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு. பொருளருகு லென்ஸ்கள் 4, 10, 40 மடங்கு. 4 மடங்கு லென்ஸின் கீழ் பிளாஸ்டிக் அளவுகோலை வைத்துப் பார்த்தால் வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நாலரை மில்லிமீட்டர் தெரிகிறது. அப்படியானால் 10 மடங்கில் 1.8 மில்லிமீட்டர், 40 மடங்கில் 0.45 மில்லிமீட்டர். இந்த மூன்று எண்களையும் நுண்ணோக்கியின் அடியில் ஒட்டிவைத்துவிட்டால் போதும். பிறகு எந்த உயிர் வந்தாலும், வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று பார்த்து அளவு சொல்லிவிடலாம். 10 மடங்கில் வட்டத்தின் ஏழில் ஒரு பங்கு நீளமிருந்தால் அது 250 மைக்ரோமீட்டர்.

தண்ணீருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்துக்குப் போனோம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகள் இறங்கும் பக்கம் போகாமல், படித்துறை ஓரத்திலேயே ஒரு பாட்டில் நீரும், அழுகிக்கொண்டிருந்த தாமரை இலைத் துண்டுகள் சிலவும் எடுத்துக்கொண்டோம். தெளிந்த நடுக்குளத்து நீரை அள்ளினால் ஒன்றும் கிடைக்காது. இலையின் அடிப்பக்கம், தண்டின் வழுவழுப்பு, ஓரத்துச் சகதியின் மேற்பரப்பு ஆகிய இடங்களில்தான் உயிர்கள் அடைந்து கிடக்கும். யூக்ளினாவுக்குக் குளம் தேவையில்லை. தொழுவத்துக்குப் பின்னால் சாணநீர் தேங்கிப் பச்சை பூத்த குட்டையே போதும். பாரமீசியத்தைப் பெருக்குவதற்கு, கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து அடுக்கிவைத்த போரிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து, நறுக்கி, கொதிக்கவைத்து ஆற்றி, அதில் கொஞ்சம் குளத்து நீரை ஊற்றித் தட்டு போட்டு மூடாமல் துணி கட்டி வைத்தோம். முதலில் மேலே பாக்டீரியா ஆடை படரும். பிறகு சாட்டைபோன்ற கசையிழையால் நீந்தும் சின்னஞ்சிறு உயிர்கள் வரும். அவற்றுக்குப் பின்னால்தான் பாரமீசியம் திரளும். நாற்றம் அடிக்கிறதே என்று இடையில் கொட்டிவிடக் கூடாது. அந்த நாற்றத்தில்தான் அவற்றின் சாப்பாடு இருக்கிறது.

பாரமீசியத்தைப் பார்ப்பதில் பெரிய சிரமம் அதன் ஓட்டம். 40 மடங்கில் கண்ணை வைப்பதற்குள் வட்டத்தைக் கடந்துவிடும். பஞ்சிலிருந்து சில இழைகளைப் பிரித்துச் சொட்டுக்குள் பரப்பி, மேலே மூடுகண்ணாடியை வைத்தால் இழைகளுக்கு இடையில் அது சிக்கிக்கொள்ளும். ஓரத்தில் வடிதாளின் நுனியைத் தொட்டு நீரைச் சிறிது உறிஞ்சினால் இன்னும் அடங்கும். நிறைய உறிஞ்சினால் நசுங்கிவிடும். சர்க்கரைப் பாகு, கிளிசரின் போன்றவற்றை ஊற்றி நீரைக் கெட்டியாக்குவது மற்ற வேலைகளுக்குச் சரியாக இருக்கலாம். இந்தச் சோதனைக்கு ஆகாது. நாம் அளக்கப்போவதே நீர் உள்ளே வரும் வேகத்தை. வெளியே கரைபொருளைக் கூட்டிவிட்டால் அந்த வேகமே மாறிப்போகும்.

அடங்கிய ஒரு பாரமீசியத்தில், நீரை இறைக்கும் உறுப்பான சுருங்கும் நுண்குமிழைக் காண்பது, எத்தனை படம் பார்த்திருந்தாலும், வேறு அனுபவம். உடலின் முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் ஒன்று. முதலில் ஒரு புள்ளியைச் சுற்றி மெல்லிய கால்வாய்கள் நட்சத்திரக் கதிர்களாகத் தெரிகின்றன. அவை நீர் நிறைந்து, புள்ளியை ஒட்டிய முனையில் பருக்கின்றன. பிறகு கால்வாய்கள் வெறுமையாகி மங்க, நடுவில் தெளிந்த வட்டமொன்று விரிகிறது. விரிந்து முழுமையான அடுத்த கணம் வட்டம் இல்லை. அந்த இடத்தில் மறுபடியும் கதிர்கள் முளைக்கின்றன. முன்னது நிறையும்போது பின்னது காலியாகிறது. பெரும்பாலும் இரண்டும் மாறி மாறித்தான் துடிக்கின்றன. இடம் மட்டும் மாறுவதேயில்லை. நீர் வெளியேறும் துளை உடலின் மேற்பரப்பில் நிலையாக அமைந்திருப்பதால், அதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் திறக்கிறது.

"மாமா, போய்விட்டது! இதோ மறுபடியும் வருகிறது!" என்று அவள் சொல்லச் சொல்ல நான் நேரம் குறித்தேன். பத்துத் துடிப்புகளுக்கு ஆன நேரத்தைப் பத்தால் வகுத்து எழுதினோம். எங்கள் வீட்டு அறை வெப்பத்தில், ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸில், ஒரு துடிப்புக்கு 7 முதல் 9 நொடி ஆனது. வெப்பம் கூடினால் துடிப்பு விரைவுபடும் என்பதால் ஒப்பிடுகிறவர்கள் எல்லா அளவீட்டையும் ஒரே வேளையில் எடுத்துவிட வேண்டும். இன்னொன்று, மூடுகண்ணாடியின் ஓரத்தில் நீர் ஆவியாக ஆவியாகச் சொட்டில் உப்பு செறிந்து துடிப்பு தானாகவே மந்தமாகும். ஆகவே ஒரு சொட்டில் நெடுநேரம் அளக்காமல் புதிய சொட்டுக்கு மாறிவிடுவது நல்லது.

அடுத்தது உப்பு. எங்கள் மாவட்டத்துப் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு 1 கிராமை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். இதில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு வைக்கோல் ஊறல் சேர்த்தால் 0.25 சதவீதம், சரிக்குச் சரி கலந்தால் 0.5 சதவீதம். கலந்தவுடன் அளக்காமல் சற்றுப் பொறுத்து அளந்தோம். 0.25இல் துடிப்புக்கு 12, 13 நொடி ஆனது. 0.5இல் 20ஐத் தாண்டியது. சில பாரமீசியங்கள் ஓரங்கள் ஒடுங்கி, பள்ளம் விழுந்தாற்போல் ஆகிவிட்டன. வெளியே உப்பு ஏற ஏற உள்ளே வரும் நீர் குறைகிறது. இறைக்க வேண்டியது குறைவதால் துடிப்பும் மந்தமாகிறது. சவ்வூடு பரவல் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை. கடல்நீர் ஏறக்குறைய 3.5 சதவீத உப்பு. அதில் வாழும் அமீபாக்கள் பலவற்றில் சுருங்கும் நுண்குமிழே கிடையாது. அவற்றுக்கு இறைக்க வேண்டிய தேவையில்லை.

யூக்ளினா இந்த வேலையை வேறு வழியில் செய்கிறது. அதன் முன்முனையில் குடுவை வடிவில் ஒரு குழி உண்டு; கசையிழை அதிலிருந்துதான் புறப்படுகிறது. அந்தக் குழியின் அருகே சிறு குமிழ்கள் கூடி ஒன்றாகி, நீரைக் குழிக்குள் விடுகின்றன. குழியின் வாய் வழியே நீர் வெளியே போகிறது. பாரமீசியத்தின் பெரிய வட்டத்தைப் பார்த்த கண்ணுக்கு இது மிகச் சிறியது. 40 மடங்கில், சிவப்புக் கண்புள்ளியை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் பொறுமையாகப் பார்த்தால் மின்னி மறையும் சிறு குமிழ் தெரியும். அதற்கு நம்பகமாக நேரம் குறிக்க எங்கள் கருவி போதவில்லை. குறிப்பேட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டோம்.

யூக்ளினாவுக்குத் தாவரங்களைப்போல் செல்லுலோஸ் சுவர் இல்லை. வளைந்து நெளியும் பெல்லிக்கிள் என்ற மேலுறை மட்டுமே உண்டு. ஓரிடத்தில் நின்றுகொண்டு அது தன் உடலை உருட்டித் திரட்டி மறுபடி நீட்டுவதை ஒருமுறை பார்த்தால், இந்த வேறுபாட்டை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதே குளத்து நீரில் பிறைநிலா வடிவில் குளோஸ்டீரியம் என்ற பச்சைப் பாசியும் கிடைத்தது. அது அசையாத, உறுதியான வடிவம் கொண்டது. செல்சுவர் இருப்பதால் உள்ளே வரும் நீரின் அழுத்தத்தைச் சுவரே தாங்கிக்கொள்கிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள குமிழ்களில் மிகச் சிறிய படிகங்கள் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருப்பதைக் காணத் தவறாதீர்கள். சுவர் இருந்தால் இறைக்கும் குமிழ் வேண்டாம் என்று இதை வைத்து அவள் ஒரு விதி எழுதினாள். நல்ல விதிதான், ஆனால் கிளாமிடோமோனாஸ் என்ற ஒரு செல் பச்சைப் பாசி அதற்குள் அடங்காது. அதற்குச் சுவரும் உண்டு, கசையிழைகளின் அடியில் இரண்டு சுருங்கும் நுண்குமிழ்களும் உண்டு. அதன் சுவர் செல்லுலோஸால் ஆனதல்ல, சர்க்கரை இணைந்த புரதமான கிளைக்கோபுரதத்தால் ஆனது. விதியை அடிக்காமல், பக்கத்திலேயே இந்த விலக்கையும் எழுதச் சொன்னேன்.

பச்சை நிறத்தை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு ஓர் எளிய சோதனை அயோடின். மருந்துக் கடை அயோடினை நீர்த்து மூடுகண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளால் இழுத்தால் அது உள்ளே பரவும். குளோஸ்டீரியத்தின் பசுங்கணிகத்தில் மணிமணியாகக் கருநீலம் ஏறியது. அங்கே ஸ்டார்ச் இருக்கிறது. யூக்ளினா சேமிப்பது பாராமைலான். அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் பிணைப்பு வேறு. ஆகவே அயோடினுக்கு நீலமாவதில்லை. உடல் பழுப்பேறியபோதும் அந்தத் துகள்கள் நிறமின்றியே இருந்தன. யூக்ளினாவின் பசுங்கணிகம், அதன் முன்னோர் என்றோ விழுங்கிய ஒரு பச்சைப் பாசியிலிருந்து வந்தது என்பதே இன்றைய விளக்கம். அந்தப் பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கி காட்டியிருக்கிறது.

விழுங்கியது செரிக்காமல் உள்ளேயே தங்குவது எப்படியிருக்கும் என்ற ஐயத்துக்குத் தாமரைத் தண்டைச் சுரண்டிய நீரே பதில் வைத்திருந்தது. பாரமீசியத்தின் அசைவு, குறு இழைகளின் மினுமினுப்பு, ஆனால் உடல் முழுவதும் பச்சை: பாரமீசியம் பர்சேரியா. 40 மடங்கில் அந்தப் பச்சை தனித்தனி உருண்டைகளாகப் பிரிந்து தெரிகிறது. ஒவ்வொன்றும் ஒரு குளோரெல்லா வகைப் பாசி. தனக்கென்று ஒரு சிறு குமிழுக்குள் உயிரோடு இருக்கிறது. நூற்றுக்கணக்கான அந்த உருண்டைகள் சைட்டோபிளாசத்தோடு சேர்ந்து செல்லுக்குள் மெதுவாகச் சுற்றி வருகின்றன. பாசி சர்க்கரை தருகிறது. பாரமீசியம் தங்க இடமும் நைட்ரஜன் சத்தும் தருகிறது. யூக்ளினாவின் பச்சை அதன் சொந்த உறுப்பு. இதன் பச்சை குடியிருப்பவர்களுடையது. இரண்டையும் ஒரே கண்ணாடித் தகட்டில் அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைத்தது எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பெரிய மகிழ்ச்சி.

அமீபாவைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கேரளத்தில் 2024இலும் 2025இலும் வந்த அமீபா மூளைக்காய்ச்சல் செய்திகள் எல்லை தாண்டி எங்கள் ஊர் வீடுகளையும் கலக்கிவிட்டன. அமீபா என்ற பெயரைக் கேட்டதும் அக்காள், "பிள்ளையை அதைத் தொடவிடாதே" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பயத்தைத் தள்ளிவிடக் கூடாது, விளங்கவைக்க வேண்டும். அந்தச் செய்திகளில் அதிகம் அடிபட்ட நெக்லேரியா ஃபௌலெரி வேறு குலம். அதன் ஊர்ந்து செல்லும் நிலை 10 முதல் 35 மைக்ரோமீட்டர் வரை. நாம் பாடத்தில் படிக்கும் அமீபா புரோட்டியஸ் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நீளம். நெக்லேரியாவுக்கு இரண்டு கசையிழைகளோடு நீந்தும் நிலையும், கூடு கட்டி உறங்கும் நிலையும் உண்டு. அது மூக்கு வழியாக நீர் ஏறும்போதுதான் மூளையை அடைகிறது, குடிப்பதால் அல்ல. ஆனால் சொட்டில் தெரியும் சிறிய அமீபா ஒன்றைப் பார்த்து, இது அதுவா இல்லையா என்று மாணவர் நுண்ணோக்கியால் யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எல்லாக் குளத்து நீரையும் ஒரே எச்சரிக்கையோடு கையாண்டோம்: கையுறை, வாயால் உறிஞ்சாமல் ரப்பர் குமிழ் வைத்த சொட்டுக்குழாய், கையை முகத்தருகே கொண்டுபோகாமை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுதல், மிச்ச நீரைக் கொதிக்கவைத்து ஊற்றுதல். அக்காள் இவற்றையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் சம்மதித்தாள்.

அழுகிய தாமரை இலையின் அடிப்பக்கத்தைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் சுரண்டி விட்டு, அசைக்காமல் வைத்து, பிறகு மேல்நீரை மெதுவாக வடித்தால் அமீபாக்கள் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மூடுகண்ணாடி நசுக்காமல் இருக்க அதன் இரு ஓரங்களிலும் உடைந்த கண்ணாடிச் சில்லு வைத்தோம். முதலில் சாம்பல்நிறத் திட்டாகத்தான் இருந்தது. ஒளியைக் குறைத்து, கை வைக்காமல் காத்திருந்ததும், ஒரு பக்கம் தெளிந்த ஓரம் பிதுங்கி, அதற்குள் துகள்கள் பாய்ந்து வந்து போலிக்காலாக நீண்டது. 1755இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ரோசல் ஃபான் ரோசன்ஹாஃப் முதன்முதலில் வரைந்தது இந்த வகை உயிரைத்தான். ஓரிடத்தில் உருவம் நிற்காத ஒன்றை அவர் கையால் வரைந்திருக்கிறார் என்பதை நினைக்கையில் மதிப்புக் கூடுகிறது.

அமீபாவின் சுருங்கும் நுண்குமிழ் ஒன்றே ஒன்று, அதற்கு நிலையான இடமும் இல்லை, நிலையான துளையும் இல்லை. சிறு குமிழ்கள் கூடிப் பெரிதாகி, உடலின் ஓட்டத்தோடு இழுபட்டு, ஊரும் திசைக்குப் பின்பக்கம் போய்ச் சேர்ந்து அங்கே வெளியேறுகிறது. ஒரு சுற்றுக்கு மூன்று நான்கு நிமிடங்கள் ஆயின. பாரமீசியம் 8 நொடிக்கு ஒருமுறை, அமீபா சில நிமிடங்களுக்கு ஒருமுறை என்றதும், "இது சோம்பேறியா மாமா?" என்று கேட்டாள். "இல்லை மக்களே, பருமனைப் பார்" என்றேன். உடல் சிறிதாக ஆக, அதன் கொள்ளளவோடு பார்த்தால் நீர் நுழையும் மேற்பரப்பு அதிகம். அதோடு பாரமீசியம் இரையை வாய்க்குழியில் சுழற்றி விழுங்கும்போது உணவுக்குமிழோடு நீரும் உள்ளே போகிறது. இந்த இரண்டு காரணங்களும் சேர்ந்து வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்குகின்றன. முழுவதையும் விளக்கிவிட்டதாக நான் எண்ணவில்லை.

உட்கருவைக் காண வண்ணமீன் கடையில் கிடைக்கும் மெத்திலீன் புளூவை நீர்த்துப் பயன்படுத்தினோம். அமீபாவில் ஒரு வட்டத் தட்டு. பாரமீசியத்தில் அவரை விதை வடிவில் பெரிய உட்கரு. அன்றாட வேலைகளை நடத்துவது அதுதான். அதன் ஓரத்தில் ஒண்டியிருக்கும் சிறிய உட்கரு இனச்சேர்க்கைக்கானது. எங்கள் சாயத்தில் அது தெளிவாகப் பிரியவில்லை. மைட்டோகாண்ட்ரியா, கோல்கை, ரைபோசோம் எதுவும் தெரியாது. 40 மடங்கு லென்ஸ் 0.4 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியைப் பிரித்துக் காட்டாது. ரைபோசோம் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் சிறியது. எனவே குறிப்பேட்டில் கண்ணால் கண்ட பாகத்தைக் கருப்பு மையிலும், புத்தகத்திலிருந்து அறிந்ததை நீல மையிலும் வரையச் சொன்னேன். யூக்ளினா படத்தில் நீலம்தான் அதிகம். பாரமீசியத்தில் கருப்பு அதிகம்.

ஊறலில் மாதம் சில கோதுமை மணிகளைப் போட்டு, ஆவியாகும் நீருக்கு ஈடாகக் குளோரின் கலக்காத கிணற்று நீர் ஊற்றிவந்தால் பாரமீசியம் தொடர்ந்து கிடைக்கும். அடுத்து, பழையாற்றின் வழியே சுசீந்திரத்திலிருந்து மணக்குடிக் காயல்வரை இடைவெளி விட்டு நீர் எடுத்து, குடிநீர் வடிகட்டிக்காக வாங்கிவைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரால் கரைபொருளின் அளவைப் பார்த்து, எந்த இடத்தில் எந்த உயிர் இருக்கிறது, அதன் குமிழ் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை துடிக்கிறது என்று எழுதப்போகிறோம். காயல் பக்கத்து நீருக்கு அந்த மீட்டரின் அளவெல்லை போதாமல் போகலாம். அங்கே காய்ச்சி வடித்த நீரில் பத்தில் ஒரு பங்காக நீர்த்து அளந்து, பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.